நடைபாதை அல்ல, நடைத்தடம்

‘நடைபாதை அருகே வேட்டையாடத் தடை’ என்று ஒரு மொழிபெயர்ப்பு. படித்ததும் கண்முன் வந்தது சாலையோர மேடை, அதன்மேல் கடை விரித்தவர்கள், நடுவே தோளில் துப்பாக்கியோடு ஒருவர். சிரித்துவிட்டேன். அதே சொல்லை நான்காவது இடத்தில் பார்த்தபோது சிரிப்பு வரவில்லை.

ஆங்கில மூலத்தில் இருந்த சொல் டிரெயில் (trail). காட்டிலும் மலையிலும் பொதுமக்கள் நடந்துபோவதற்கென்று அடையாளமிட்டுப் பராமரிக்கும் வழி. இழுப்பதைக் குறிக்கும் லத்தீன் வேரிலிருந்து வந்தது. தரையில் இழுபட்டது விட்டுச்சென்ற அடையாளம், பிறகு அதைத் தொடர்ந்து போகும் வழி என்று பொருள் நகர்ந்தது. பிறப்புக் கதை அவ்வளவுதான்.

நடைபாதை எப்படி உள்ளே வந்தது? ஃபுட்பாத் வழியாகத்தான். இங்கிலாந்தில் ஃபுட்பாத் என்றால் வயலையும் தோப்பையும் கடந்துபோகும் பொதுவழி. நமக்கோ அது சாலையோர மேடை. நடைபாதைக் கடை, நடைபாதை ஆக்கிரமிப்பு, நடைபாதைவாசி என்று தமிழில் அந்தப் பொருள் இறுகிவிட்டது. ‘நடக்கிற பாதைதானே, என்ன தப்பு?’ என்பார்கள். பிரித்துப் பிரித்துப் பொருள் சொல்வதென்றால் மாடும் நாற்காலிதான்.

இது வெறும் அழகுப் பிரச்சினை இல்லை. அமெரிக்கத் தேசியக் காடுகளின் விதி ஒன்றைப் பாருங்கள். வீடு, கட்டடம், முகாமிடும் இடம் போன்றவற்றிலிருந்து 150 கெஜத்துக்குள், அதாவது சுமார் 137 மீட்டருக்குள், சுடக் கூடாது. காட்டுச் சாலையின் மேலிருந்தோ அதற்குக் குறுக்காகவோ சுடக் கூடாது. அந்த வரியில் சாலைக்குப் பெயர் இருக்கிறது, டிரெயிலுக்கு இல்லை. ஆளுக்கு ஆபத்து வரும்படி எங்குமே சுடக் கூடாது என்ற பொதுவரிதான் நடப்பவரைக் காக்கிறது. டிரெயிலையும் அந்த விதியில் சேர்க்கச் சொல்வதென்றால் முதலில் சாலை வேறு, தடம் வேறு என்று தெரிய வேண்டும். இரண்டையும் ‘பாதை’ என்று எழுதிவிட்டால் இல்லாத தடை இருப்பதாகிவிடும்.

சரி, வேறு என்ன சொல்லலாம்? ‘மலையேற்றப் பாதை’ பலருக்குப் பிடிக்கிறது. ஆனால் கடற்கரை ஓரமாகவும் சதுப்பு நிலத்திலும் போகிற வழியில் எந்த மலையை ஏறுவது? ‘வழித்தடம்’ பேருந்துக்குப் போய்விட்டது, இனி திரும்பாது. ‘ஒற்றையடிப் பாதை’ எனக்குப் பிடித்த சொல். ஆனால் அது அகலத்தைச் சொல்கிறது. நான்கு பேர் சேர்ந்து நடக்கிற அளவு அகலமான டிரெயில்களும் உண்டு. பாதயாத்திரைப் பாதை என்று எழுதியவரைப் பற்றி ஒன்றும் சொல்வதாக இல்லை.

நான் தேர்வது தடம். வண்டித்தடம், கால்தடம் என்று நாம் புழங்கும் சொல். ஆங்கிலச் சொல்லைப் போலவே இதுவும் நடந்ததன் அடையாளத்தையும் நடக்கிற வழியையும் சேர்த்தே சொல்கிறது. ஒரு குறை உண்டு, மறைக்கவில்லை. யானைத் தடம், பன்றித் தடம் என்று வேட்டைக்காரர் தேடிப் போவதும் தடம்தான். ‘தடத்தருகே வேட்டை கூடாது’ என்றால் அவர் குழம்புவார். அதனால்தான் முன்னால் ‘நடை’யைச் சேர்க்கிறேன்: நடைத்தடம். அரசு பராமரிப்பது என்று காட்ட வேண்டிய இடத்தில் பொது நடைத்தடம். அமெரிக்காவின் அப்பலாச்சியன் டிரெயில் மாதிரி இடப்பெயராக வந்தால் அப்படியே விட்டுவிடலாம், அதைத் தமிழாக்கி யாருக்கும் வழி தெரியப்போவதில்லை.

அப்புறம் இன்னொன்று. அதே மொழிபெயர்ப்பில் ‘துப்பாக்கியை வெளியேற்றுதல் கூடாது’ என்றும் ஒரு வரி. வெளியேறுவது குண்டு, துப்பாக்கி வேட்டைக்காரர் கையில்தான் இருக்கிறது. ‘சுடக் கூடாது’ என்று இரண்டே சொல்லில் முடிகிற காரியம். இப்படி எழுதினால், துப்பாக்கியோடு காட்டுக்குள் போனவர் அதை வெளியே கொண்டுவரக் கூடாது என்றுதான் படிக்கிறவர் புரிந்துகொள்வார்.