வி.டி.ஆர்.எல். சீட்டும் மாட்டு இதயமும்

ஒரு வாசகர் கேட்டிருந்தார்: "மனைவிக்கு மூன்றாம் மாதம். ரத்தப் பரிசோதனைச் சீட்டில் வி.டி.ஆர்.எல். என்று எழுதியிருந்தார்கள். தேடிப் பார்த்தால் பால்வினை நோய் என்று வருகிறது. டாக்டர் எங்களைச் சந்தேகப்படுகிறாரா?"

இல்லை. சர்க்கரை, ரத்த வகை மாதிரி எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் பார்ப்பதுதான். தேடுவது சிபிலிஸை, பழைய ஆட்கள் பறங்கி வியாதி என்பார்கள். அறிகுறியே காட்டாமல் வருடக்கணக்கில் உடம்பில் கிடக்கும். நஞ்சுக்கொடி வழியாகப் போனால் கரு கலையலாம், குழந்தை இறந்தே பிறக்கலாம். அடுத்தடுத்துக் கரு கலைந்தால் தோஷம் கழிக்க ஓடுகிறவர்கள் முதலில் இந்தச் சோதனையைப் பார்த்திருக்கிறார்களா என்று எனக்குத் தோன்றும்.

வேடிக்கை என்னவென்றால், இந்தச் சோதனை கிருமியைத் தேடுவதே இல்லை. 1906-ல் ஜெர்மனியில் வாசர்மான் என்ற மருத்துவ ஆய்வாளரின் குழுவினர், சிபிலிஸ் தாக்கிய சிசுவின் ஈரல் சாற்றை எடுத்தார்கள். அதில் கிருமி நிறைய இருக்கும் என்பது கணக்கு. நோயாளிகளின் ரத்தம் அதோடு வினைபுரிந்தது. சரி, வெற்றி! அப்புறம் பார்த்தால் நோயே இல்லாத ஈரலும் அதே வேலையைச் செய்தது. மாட்டு இதயமும் செய்தது. வழி தப்பு, விடை மட்டும் சரி.

1941-ல் மேரி பாங்போர்ன் என்ற அமெரிக்க வேதியியலாளர் அந்த மாட்டு இதயத்திலிருந்து காரணப் பொருளைப் பிரித்தெடுத்தார்: கார்டியோலிபின். நம் செல்களின் மைட்டோகாண்ட்ரியாவில் இருக்கும் ஒரு கொழுப்பு. கிருமி செல்களைச் சிதைக்கும்போது அது வெளியே சிந்துகிறது; உடம்பு அதற்கு எதிராக ஆன்டிபாடி, அதாவது எதிர்ப்புப் புரதம், செய்கிறது. வி.டி.ஆர்.எல். தேடுவது இந்த ஆன்டிபாடியைத்தான். கண்ணாடிச் சில்லில் ஒரு சொட்டு சீரம் (ரத்தத்தின் தெளிந்த நீர்), ஒரு சொட்டு கார்டியோலிபின் கலவை. நான்கு நிமிடம் சுழற்றி நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். நோய் இல்லையென்றால் துகள்கள் சீராகப் பரவிக் கிடக்கும். இருந்தால் திரிந்த பால் மாதிரி திட்டுத்திட்டாகச் சேரும்.

சொந்தக் கொழுப்பை வைத்துப் பார்ப்பதால் மலேரியா, லூபஸ் (உடம்பு தன்னையே தாக்கும் நோய்), ஏன், கர்ப்பமேகூட சில சமயம் பொய்யாகப் பாசிட்டிவ் காட்டும். அதனால்தான் கிருமிக்கே எதிரான ஆன்டிபாடியைத் தேடும் டி.பி.எச்.ஏ. என்ற இன்னொரு சோதனையில் உறுதி செய்கிறார்கள். ஆனால் அது குணமான பிறகும் பெரும்பாலும் பாசிட்டிவாகவே நிற்கும். மருந்து வேலை செய்ததா என்பதைச் சொல்ல மறுபடி வி.டி.ஆர்.எல்.தான் வேண்டும்: சீரத்தை எத்தனை மடங்கு நீர்த்தாலும் பாசிட்டிவ் காட்டுகிறது என்பதுதான் அளவு; 1:32 என்று இருந்தது 1:8-க்கு இறங்கினால் நல்ல செய்தி.

ஆரம்ப நிலை என்றால் மருந்தும் 24 லட்சம் யூனிட் பென்சத்தீன் பென்சிலின், ஒரே தவணை. எல்லாக் கர்ப்பிணிகளையும் விடாமல் சோதித்துத்தான் இலங்கை 2019-ல், தாயிடமிருந்து சேய்க்கு சிபிலிஸும் எச்.ஐ.வி.யும் பரவுவதை ஒழித்ததாக உலக சுகாதார நிறுவனத்தின் சான்று பெற்றது. நமக்கு ஊசியும் இருக்கிறது, சோதனையும் இருக்கிறது. குறுக்கே நிற்பது கூச்சம்தான்.

வாசகருக்கு இன்னொன்று. மனைவிக்குப் பாசிட்டிவ் என்றால் அடுத்த சீட்டு கணவர் பெயருக்கு வரும். அவரும் ஊசி போட்டுக்கொள்ளாவிட்டால் மனைவிக்கு மறுபடி தொற்றும்.