செஸ்டர்ஃபீல்ட் கோபுரம் ஏன் முறுக்கிக்கொண்டது?

இங்கிலாந்தின் டார்பிஷைரில் உள்ள செஸ்டர்ஃபீல்ட் ஊரின் பங்கு ஆலயம் பெரும்பாலும் 14ஆம் நூற்றாண்டுக் கட்டடம். கல் சுவர்களும் கூர்வளைவுகளும் அந்தக் காலத்து ஆலயங்களில் வழக்கமாகப் பார்ப்பவைதான். அண்ணாந்து பார்த்தால்தான் சங்கதி தெரியும். 228 அடி உயரத்தில் முடியும் அதன் கூம்பு, 45 பாகை முறுக்கிக்கொண்டு, உச்சி நடுக்கோட்டிலிருந்து ஒன்பதரை அடி விலகி நிற்கிறது. சாத்தான் அதில் வாலைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தான் என்று ஊரில் கதை உண்டு.

உண்மையான காரணத்தை மரத்தில் தேடவேண்டும். 1362 வாக்கில் எழுந்த இந்தக் கூம்பின் எலும்புக்கூடு ஓக் மரம். அதுவும் ஈரம் காயாத பச்சை மரம். மரம் காயும்போது எல்லாப் பக்கமும் ஒரே அளவில் சுருங்காது. ஓக் மரம் நீளவாட்டில் ஏறக்குறைய சுருங்குவதே இல்லை. மையத்திலிருந்து பட்டையை நோக்கிய திசையில் சுமார் 4 சதவீதம், ஆண்டு வளையங்களின் ஓட்டத்தில் அதைப்போல இரண்டு மடங்கு சுருங்கும். சதுரமாக இழைத்த சட்டம், வளையங்கள் மூலைக்கு மூலை சாய்வாக ஓடினால், காய்ந்தபின் சாய்சதுரமாகிவிடும். இழை சுழன்று ஓடும் மரமாக இருந்தால் சட்டமே முறுக்கேறும்.

ஆனால் பச்சை மரத்தின்மேல் மட்டும் பழிபோடுவது எனக்கு ஒப்பவில்லை. காய்ந்த ஓக் உளியை மழுங்கடித்துவிடும் என்பதால் அன்றைய தச்சர்கள் எல்லோருமே பச்சை மரத்தில்தான் வேலை செய்தார்கள். அப்படிக் கட்டிய எத்தனையோ கூம்புகள் நேராகவே நிற்கின்றன. வித்தியாசம் குறுக்குச் சட்டங்களில் இருக்கிறது. சாய்வாகப் பூட்டிய சட்டங்கள் முக்கோணங்களை உண்டாக்கும். ஒரு பக்கத்தின் நீளம் மாறாமல் முக்கோணம் உருமாறாது. இங்கே அவை போதாது. 1348-49இல் பரவிய கொள்ளைநோய் கைதேர்ந்த தச்சர்கள் பலரைக் கொண்டுபோனதால் வந்த குறை என்பது பரவலான ஊகம்.

அந்தத் தளர்ந்த கூட்டின்மேல் சுமார் 33 டன் ஈயத்தகடு. ஈயம் வெப்பத்தில் நன்றாக விரியும்: ஒரு மீட்டர் தகடு 40 டிகிரி சூடேறினால் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல் நீளும். குளிர்ந்தபின் முழுதாகப் பழைய இடத்துக்குத் திரும்புவதும் இல்லை. வடகோளத்தில் வெயில் விழுவது தெற்கு முகத்தில். வடக்கு முகம் குளிர்ந்தே கிடக்கும். இந்த ஓரவஞ்சனை நூற்றாண்டுக்கணக்கில் தொடர்ந்திருக்கிறது.

கண்ணும் கொஞ்சம் சேர்ந்து ஏமாற்றுகிறது. ஈயத்தகடுகளைச் சாய்வாக, மீன்முள் வடிவில் பதித்திருப்பதால், பார்ப்பவருக்கு இருக்கும் முறுக்கைவிட அதிகமாகவே தெரியும்.