கணக்கு தெரிந்தவன் நோட்டை மறப்பது ஏன்?

கடினமான கணக்கைக்கூட நொடியில் போட்டுவிடுவான். ஆனால் போட்டு முடித்த நோட்டை வீட்டிலேயே வைத்துவிட்டு வருவான். ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை பாடம் எடுப்பவர்களுக்கு இது அன்றாடக் காட்சி. உடனே 'பொறுப்பே இல்லை' என்று முத்திரை குத்திவிடுகிறோம். பெரும்பாலும் அது அநியாயம். கணக்குப் போடுவது ஒரு திறன், நோட்டை ஞாபகமாக எடுத்து வருவது இன்னொரு திறன். முதலாவதற்குத் தினமும் வகுப்பு நடக்கிறது, இரண்டாவதற்கு வெறும் திட்டுதான் கிடைக்கிறது.

இந்த இரண்டாவது வகையை உளவியலில் நிர்வாகத் திறன்கள் என்கிறார்கள். தகவலை மனதில் வைத்துக்கொண்டே வேலை செய்வது, தோன்றியதை உடனே செய்துவிடாமல் அடக்கிக்கொள்வது, நிலைமை மாறினால் யோசனையை மாற்றிக்கொள்வது என அடிப்படை மூன்று. திட்டமிடுவது எல்லாம் இவற்றின் மேல்தான் நிற்கிறது. நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்மூளைப் புறணிக்கு இதில் பெரும் பங்கு. மூளையில் கடைசியாக முதிரும் பகுதிகளில் அதுவும் ஒன்று, 20 வயதைத் தாண்டியும் வளர்ந்துகொண்டிருக்கும். 11 முதல் 14 வயதிலும் அங்கே பயன்படாத இணைப்புகள் கழிகின்றன, பயன்படும் நரம்பிழைகளின் மேல் மயலின் என்ற கொழுப்பு உறை படிகிறது. அப்படிப் பாதி வேலை நடக்கும் நேரத்தில்தான் பாடத்துக்கு ஓர் ஆசிரியர், ஆளுக்கொரு கெடு என்று பள்ளியும் சுமையைக் கூட்டுகிறது.

மணி அடிக்க ஒரு நிமிடம் இருக்கிறது. "47ஆம் பக்கத்தில் மூன்றிலிருந்து எட்டு வரை போடுங்க, வரைபடத் தாள் கொண்டு வாங்க, வெள்ளிக்கிழமை தேர்வு, அப்புறம் போன வாரத் திருத்தத்தையும் முடிச்சிடுங்க" என்கிறார் ஆசிரியர். பெரியவர்களே ஒரே சமயத்தில் சுமார் 4 விஷயங்களைத்தான் மனதில் வைத்திருக்க முடியும் என்று உளவியலாளர் நெல்சன் கோவன் 2001இல் ஆய்வுகளைத் தொகுத்து எழுதினார். பிள்ளையோ பையை அடுக்கிக்கொண்டு, கூப்பிடும் நண்பனுக்குப் பதிலும் சொல்லிக்கொண்டு இதைக் கேட்கிறது. அதே வீட்டுப்பாடத்தை வகுப்பின் தொடக்கத்திலேயே, கரும்பலகையில் தினமும் ஒரே மூலையில் எழுதி, குறித்துக்கொள்ள இரண்டு நிமிடம் கொடுத்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

மீதிப் பாதிக்குப் பயிற்சி வேண்டும். 'இனி மறக்கமாட்டேன்' என்ற உறுதிமொழியால் பெரிய பயன் இல்லை. 'பை ஜிப்பை மூடுவதற்கு முன் குறிப்பேட்டைப் பார்ப்பேன்' என்று ஒரு செயலோடு இன்னொரு செயலைக் கோத்துவிட வேண்டும். உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999இல் விளக்கிய உத்தி இது. ஜிப்பில் கை வைத்ததுமே நினைவு தானாக வரும், மனஉறுதியைத் தேடிப் போக வேண்டியதில்லை.

நேரக் கணக்கும் இப்படித்தான் கைவர வேண்டும். ஒரு வேலைக்கு ஆகும் நேரத்தைக் குறைத்து மதிப்பிடும் பழக்கத்தை உளவியலாளர்கள் கானமனும் ட்வெர்ஸ்கியும் 1979இலேயே விவரித்தார்கள். பெரியவர்களும் அதில் விழுகிறார்கள். கட்டுரை எழுத எவ்வளவு நேரம் ஆகும் என்று பிள்ளையை முதலில் ஊகித்து எழுதச் சொல்லுங்கள். முடித்ததும் ஆன நேரத்தைப் பக்கத்திலேயே எழுதட்டும். 20 நிமிடம் என்று நினைத்தது 50 ஆனதை அவர்களே பார்த்துவிட்டால் அறிவுரைக்கு வேலையில்லை.

மூளைப் பயிற்சி விளையாட்டுகளை நான் பரிந்துரைக்கமாட்டேன். அவற்றை ஆட ஆட அந்த விளையாட்டில் தேர்ச்சி கூடுகிறது, வீட்டுப்பாடத்துக்கு அது பெரிதாகக் கைகொடுப்பதில்லை. எந்த வேலைக்குத் திறன் வேண்டுமோ, அந்த வேலையிலேயே பழக்க வேண்டும்.

அதற்காகப் பெற்றோரே பையை அடுக்கிக் கொடுத்துவிட்டால் பழக வேண்டிய வாய்ப்பே பறிபோகிறது. முதல் வாரம் ஒரு பட்டியலைப் பார்த்துச் சேர்ந்து அடுக்குங்கள். அப்புறம் "அடுத்து என்ன?" என்று மட்டும் கேளுங்கள். பிறகு அந்தக் கேள்வியையும் விட்டுவிடலாம். கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாடு (ADHD) உள்ள பிள்ளைகளுக்கு இந்த விலகல் இன்னும் மெதுவாக நடக்க வேண்டும். மற்றவர்கள் கைவிட்ட பட்டியல் அவர்களுக்கு அடுத்த ஆண்டும் தேவைப்பட்டால், தாராளமாகக் கையில் இருக்கட்டும்.