ஹெர்மிஸ் கப்பலில் எத்தனை தொலைநோக்கிகள் இருந்தன?

மட்டக்களப்பில் பழைய பித்தளை, செம்புச் சாமான்களைத் திருத்துவதும் மதிப்பிடுவதும் என் தொழில். என்னிடம் வரும் போர்க்காலப் பொருட்கள் பலவற்றுக்கும் ஒரே கதைதான்: "ஹெர்மிஸ் கப்பலில் சுழியோடி எடுத்தது." 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த அந்தப் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் நம் கடலடியில் கிடப்பது உண்மை. முந்நூறுக்கும் மேற்பட்டோர் அதில் மாண்டதும் உண்மை. போலி வியாபாரிக்கு அந்த உண்மைதான் மூலதனம்.

அதிகம் வருவது கைக்கடக்கமான பித்தளைத் தொலைநோக்கி. குழாயில் ‘கெல்வின் அண்ட் ஹியூஸ், லண்டன், 1917’ என்று பொறித்திருக்கும். அந்த வரியைப் படித்ததுமே திருப்பிக் கொடுத்துவிடுவேன். கெல்வின் நிறுவனமும் ஹியூஸ் நிறுவனமும் இணைந்து அந்தப் பெயர் உண்டானதே 1947இல்தான். முப்பது ஆண்டு கழித்து வரப்போகும் பெயரை 1917இல் பொறித்த ஞானி யாரோ! இவை இந்தியப் பட்டறைகளில் அலங்காரத்துக்காகச் செய்யப்படுபவை. மேசையில் வைக்க அழகானவைதான். செய்தவர் மேல் எனக்குக் குறையில்லை. கதை கட்டி விற்பவர் மேல்தான் கோபம்.

பொறிப்பு இல்லாவிட்டாலும் உலோகமே சொல்லிவிடும். கடல்நீர் பித்தளையிலுள்ள துத்தநாகத்தை மெல்ல அரித்துவிடும். எஞ்சுவது செம்மை படர்ந்த, துளை விழுந்த, வலுவிழந்த செம்பு. இடுக்குகளில் சுண்ணாம்பும் சிப்பியும் பிடித்திருக்கும். எண்பது ஆண்டு கடலில் கிடந்ததாம், ஆனால் தோலுறை மட்டும் புதுச் செருப்பைப்போல மணக்கிறது! உண்மையாகவே அந்தக் கப்பலிலிருந்து எடுத்ததென்றால் நான் தொடவே மாட்டேன். அது பலருடைய கல்லறை.

ஒல்லாந்தர் வாள் என்று வருபவற்றில் முதலில் திருகாணிகளைப் பார்ப்பேன். தலையில் சிலுவைப் பள்ளம் இருந்தால் பேச்சை முடித்துக்கொள்ளலாம். அந்த வகை 1930களில்தான் சந்தைக்கு வந்தது. பித்தளை என்று சொல்லும் பிடியில் காந்தம் ஒட்டினால் உள்ளே இரும்பு. பச்சைக் களிம்பு ஈரத்துணியில் வழிந்து வந்தால், அது அமிலம் பூசி அவசரமாக வரவழைத்த முதுமை.

பதக்கங்களில் அவசரப்பட வேண்டாம். முதலாம் உலகப் போருக்கான பிரித்தானியப் போர்ப் பதக்கம் பெரும்பாலும் வெள்ளி. பெற்றவரின் பெயர் விளிம்பில் இருக்கும். விளிம்பு அரத்தால் ராவியதுபோல் மெலிந்திருந்தால், பெயரையோ ‘நகல்’ என்ற முத்திரையையோ யாரோ அழித்திருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போரின் நட்சத்திரப் பதக்கங்களைப் பிரித்தானியா பெயர் பொறிக்காமலே வழங்கியது. பெயரில்லை என்று பாட்டனாரின் உண்மையான பர்மா நட்சத்திரத்தைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாதீர்கள். மினுக்கவும் வேண்டாம், புளி போட்டுத் தேய்த்தால் மதிப்பும் சேர்ந்தே தேய்ந்துவிடும்.

1815 மார்ச் 2க்கு முற்பட்டவை என்றால் தொல்பொருள் சட்டமும் குறுக்கே வரும். அனுமதியின்றி அவற்றை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது.

இன்னொரு வகைத் தவறு பணத்தோடு முடியாது. ஒரு தம்பி, வயலில் கிடைத்த ‘ஒல்லாந்தர் பீரங்கிக் குண்டு’ என்று உரப்பையில் சுற்றி, பஸ்ஸில் வைத்து ஒன்றைக் கொண்டுவந்தார். வால் இறக்கைகளோடு இருந்தது. நம் காலத்துப் போரின் மோட்டார் எறிகணை. படுவான்கரையிலும் அம்பாறை வயல்களிலும் அப்படி எதைக் கண்டாலும் தட்டிப் பார்க்காதீர்கள், துரு சுரண்டாதீர்கள், என் கடைக்கும் கொண்டுவராதீர்கள். கிடந்த இடத்திலேயே விட்டுவிட்டு 119க்கு அழையுங்கள்.