மடல் சிவந்து சோணை மட்டும் தப்பியிருந்தால், அது சாதாரணக் காதுப்புண் அல்ல

மேல்காதில் கம்மல் குத்திக்கொள்வது. வலித்தால் நாலு நாள் மஞ்சள், வீங்கினால் அஞ்சு நாள் மெடிக்கல் ஷாப் மாத்திரை, மடல் பூரி போல உப்பிய பிறகு காது மூக்கு தொண்டை மருத்துவர். வரிசை எப்போதும் இதுதான். அதற்குள் இரண்டு வாரம் ஓடியிருக்கும். தொடக்கத்தில் சரியான மாத்திரையிலேயே அடங்கியிருக்கக்கூடிய காது, கத்தி வைத்தும் பழைய வடிவத்துக்குத் திரும்பாமல் போகிறது. இருபது வயதுப் பெண் வாழ்நாள் முழுக்க முடியை இறக்கிவிட்டு மறைத்துக்கொண்டு நடக்க வேண்டிய நிலை. இது தேவையே இல்லாதது.

"காது குத்தினா புண் வரத்தானே செய்யும், தானா ஆறிடும்." இந்த ஒரு பேச்சு கெடுத்த காதுகள் ஏராளம். கீழே தொங்கும் சோணையைப் பற்றிச் சொன்னால் பேச்சில் பெரிய தவறில்லை. சோணை என்பது தோலும் கொழுப்பும்தான். ரத்த ஓட்டம் தாராளம். மொட்டையடித்து, மாமன் மடியில் உட்கார்த்திக் காது குத்தும் குழந்தைக்குப் புண் வந்தாலும் பெரும்பாலும் சில நாட்களில் ஆறிவிடும். மேலே இருப்பது குருத்தெலும்பு. அதற்குள் ஒரு ரத்தக்குழாய்கூடக் கிடையாது. மேலே ஒட்டியிருக்கும் மெல்லிய உறையிலிருந்து ஊறி வருவதுதான் அதற்குச் சாப்பாடு. உறைக்கும் குருத்தெலும்புக்கும் நடுவில் சீழ் கட்டினால் அந்தச் சாப்பாடு நின்றுபோகிறது. செத்த குருத்தெலும்பு மறுபடி முளைக்காது. மடல் சுருங்கி, மடிந்து, காலிஃபிளவர் மாதிரி ஆகிவிடும். ஒரே காதுதானே என்று இரண்டு இடத்துக்கும் ஒரே வைத்தியம் பார்ப்பதுதான் எல்லாக் கேட்டுக்கும் ஆரம்பம்.

"அந்தக் காலத்துப் பாட்டிமார் மேல்காதில் கொப்பும் முருகும் போடவில்லையா?" என்று கேட்பார்கள். போட்டார்கள். ஆசாரி குத்தியது கூர்மையான கம்பியால். இன்று 'கன் ஷாட்' என்ற பெயரில் நடப்பது வேறு. மழுங்கிய முனையுள்ள கம்மலை ஸ்பிரிங் வேகத்தில் அடித்து இறக்குகிறார்கள். குருத்தெலும்பு நசுங்குகிறது, உறை பிய்கிறது. பிளாஸ்டிக் துப்பாக்கியை, கொதிநீராவியில் கிருமிகளைக் கொல்லும் ஆட்டோகிளேவ் கருவியில் வைக்கவும் முடியாது. ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துவிட்டு அடுத்த ஆளுக்குப் போகிறார்கள். துடைப்பது ஸ்டெரிலைஸ் செய்வது ஆகாது.

இங்கே முக்கிய எதிரி சூடோமோனாஸ் என்ற கிருமி. ஈரம் இருக்கும் இடமெல்லாம் அதற்கு வீடு: சிங்க், குழாய் முனை, நாள்பட்ட கிருமிநாசினித் தண்ணீர்கூட. 2000ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், ஒரே நகைக் கடையில் காது குத்திக்கொண்டவர்களில் 7 பேருக்கு இந்தக் கிருமி பரிசோதனையில் உறுதியானது. தேடிப் பார்த்தபோது அதே கிருமி அந்தக் கடையின் கிருமிநாசினி பாட்டிலிலேயே இருந்தது. ஸ்டெஃபைலோகாக்கஸ் என்ற வேறு கிருமியும் வரலாம். ஆனால் மேல்காதில் குத்திய பிறகு வீங்கினால், வேறு என்று நிரூபணமாகும்வரை சூடோமோனாஸ் என்றே எடுத்துக்கொண்டு வைத்தியம் தொடங்க வேண்டும்.

அதனால்தான் மெடிக்கல் ஷாப் மாத்திரை பலிப்பதில்லை. அமாக்சிசிலின், அதனுடன் கிளாவுலனேட் சேர்த்தது, செஃபிக்சிம், அசித்ரோமைசின் இவை எதற்கும் சூடோமோனாஸ் அடங்காது. காதுக்குள் விடும் சொட்டு மருந்து மடலின் உள்ளே போய்ச் சேராது. ஸ்டீராய்டு கலந்த களிம்போ இன்னும் மோசம்: சிவப்பைக் குறைத்துக் காட்டும், உள்ளே சீழ் பரவும்.

கண்டுபிடிப்பது கடினமே இல்லை. மடல் சிவந்து, சூடாகி, தலையணையில் படுக்க முடியாத அளவு வலித்து, சோணை மட்டும் வழக்கம்போல இருந்தால் குருத்தெலும்பு உறையில் தொற்று. சோணையும் சேர்ந்து சிவந்திருந்தால் தோல் தொற்றாக இருக்க வாய்ப்பு அதிகம். வலியைவிட அரிப்பு மிஞ்சினால் நிக்கல் ஒவ்வாமையை யோசிக்கலாம். துளையே போடாமல் இரண்டு காதும் மாறிமாறிச் சிவக்கிறது, கூடவே மூக்குத்தண்டு வலி, மூட்டு வலி, குரல் கம்முதல் என்றால் அது கிருமியே அல்ல. உடலின் எதிர்ப்பு சக்தி குருத்தெலும்பைத் தாக்கும் வேறு நோய், அதற்கு ஆன்டிபயாட்டிக் பயன்படாது. (இளம் மருத்துவர்களுக்கு: சோணையைப் பார்க்காமல் சீட்டு எழுதாதீர்கள். சர்க்கரை இருக்கிறதா என்று கேட்காமலும் எழுதாதீர்கள்.)

ஆரம்பத்தில் வந்தால் கம்மலைக் கழற்றிவிட்டு, பெரியவர்களுக்குப் பொதுவாக சிப்ரோஃப்ளாக்சசின் 500 முதல் 750 மி.கி., நாளைக்கு இரண்டு வேளை, 10 முதல் 14 நாள். அளவையும் தகுதியையும் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். குழந்தைகள், கர்ப்பிணிகள், வலிப்பு உள்ளவர்கள் விஷயத்தில் யோசித்தே தருவோம். இந்த மாத்திரையைப் பாலோடோ தயிரோடோ விழுங்கக் கூடாது. இரும்புச்சத்து, கால்சியம், அமிலம் குறைக்கும் மருந்துகளோடும் சேர்த்தால் உடலில் ஏறாது; அவற்றுக்கு இரண்டு மணி நேரம் முன்போ ஆறு மணி நேரம் கழித்தோ போட வேண்டும். தசைப்பிடிப்புக்கு டிசானிடின் சாப்பிடுபவர் கட்டாயம் சொல்லிவிட வேண்டும், இரண்டும் சேரவே கூடாது. குதிகாலின் பின்புறத் தசைநார் வலித்தால் நிறுத்திவிட்டு உடனே வாருங்கள். மூன்றாம் நாள் வலி குறைந்ததும் அட்டையைத் தூக்கி வைத்துவிடுகிறீர்களே, தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

48 மணி நேரத்தில் குறையவில்லை, அல்லது தொட்டால் தண்ணீர்ப் பை போலத் தளும்புகிறது என்றால் சீழை எடுத்தே ஆக வேண்டும். வீட்டில் ஊசியால் குத்தி அமுக்கிவிட்டு வருபவர்களை என்ன சொல்வது! மடலின் வளைவை ஒட்டிக் கீறி, எந்தக் கிருமி என்று கண்டறியச் சீழைக் கல்ச்சர் பரிசோதனைக்கு அனுப்பி, செத்த பகுதியை மட்டும் எடுத்து, உப்புநீரால் கழுவி, சிறு குழாய் வைப்போம். வெற்றிடம் இருந்தால் சீழ் மறுபடி கட்டும். அதனால் மடலின் முன்னும் பின்னும் பஞ்சு உருளை வைத்துத் தைத்து அமுக்கிவிடுவோம். தலையைச் சுற்றிக் கட்டும் பேண்டேஜ் மறுநாளே தளர்ந்துவிடும், அதை நம்ப முடியாது. கூடவே பைப்பராசிலின் போன்ற ஊசி மருந்து. வடிவம் போன பிறகு விலா எலும்பின் குருத்தை வெட்டி மடல் செய்யலாம்தான். பல மாதம் காத்திருந்து, பல கட்டமாக.

மேல்காதில் குத்தியே தீர வேண்டும் என்றால் துப்பாக்கி வேண்டாம். பிரிக்காத உறையிலிருந்து எடுத்த, ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் ஊசி; டைட்டானியம் கம்மல். சோணைத் துளை ஆற 6 முதல் 8 வாரம், இது ஆற மாதக்கணக்கில் ஆகும். அதுவரை கம்மலைத் திருகாதீர்கள். மஞ்சள், தேங்காய் எண்ணெய், ஹைட்ரஜன் பெராக்சைடு எதுவும் வேண்டாம். அரை லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஒரு தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவாக உப்பு, தினமும் இரண்டு வேளை, கை கழுவிவிட்டு அதால் துளையைக் கழுவுங்கள். குளம், நீச்சல் குளம் பக்கம் போகக் கூடாது. திருகாணி சதைக்குள் புதைந்துவிட்டால் இழுக்காதீர்கள், மரத்துப்போக ஊசி போட்டு எடுக்கலாம்.

கபடி, குத்துச்சண்டை ஆடும் பிள்ளைகளின் பெற்றோரும் கவனியுங்கள். அடிபட்ட மடலில் ரத்தம் கட்டினாலும் குருத்தெலும்பின் கதி இதேதான். வலி பெரிதாக இல்லாவிட்டாலும் சரி, சிலம்ப வாத்தியார் ஒத்தடம் போதும் என்றாலும் சரி, அன்றோ மறுநாளோ கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.