பேப்பரை வெட்டிவிட்டால் நல்ல கத்தியா?

இந்த மாதத்தில் இப்படி முறிந்த கத்தி வருவது இது மூன்றாவது. போன செவ்வாய்க்கிழமை பொள்ளாச்சிப் பக்கத்துத் தோப்புக்காரர் ஒருவர் துண்டில் சுற்றி ஒரு கத்தியைப் பட்டறைக்குக் கொண்டுவந்தார். ஆன்லைனில் வாங்கியது, முக்கால் அடி அலகு, முதுகில் ரம்பப் பல், பிடியில் திசைகாட்டி வேறு. தென்னை மட்டையில் நாலாவது போடு போட்டபோது அலகு முறிந்து, பக்கத்தில் நின்ற மகனின் காதை உரசிக்கொண்டு பறந்திருக்கிறது. "ஏனுங்க, வாங்குன அன்னைக்குப் பேப்பரைச் சர்ருனு வெட்டுச்சுங்களே" என்கிறார்.

பேப்பர்! யார்தான் இதைக் கிளப்பிவிட்டார்களோ. சாணை பிடித்தால் டப்பா மூடிகூடப் பேப்பரை வெட்டும். பத்து நிமிஷம் கொடுங்கள், ஜன்னல் பட்டையில் ஒன்று தீட்டித் தருகிறேன், முகமே மழிக்கலாம். கூர் சாணைக்காரன் கைவேலை, அதற்கும் இரும்பின் தரத்துக்கும் சம்பந்தமே இல்லை. ஐம்பது மட்டை வெட்டிய பிறகும் வாய், அதாவது வெட்டுகிற விளிம்பு, மடங்காமல், சில்லு போகாமல் நிற்கிறதா என்பதுதான் கேள்வி. லாரிக்கு அடியில் பாரம் தாங்குகிற வில்லுப்பட்டையில் கார்பன் அரை சதவீதத்தை ஒட்டியோ அதற்கு மேலேயோ இருக்கும், அதனால் தோய்ச்சல் ஏறும், அதாவது பழுக்கக் காய்ச்சி முக்கினால் விறைப்பாகும். வாசல் கேட் செய்கிற சாதாப் பட்டையில் கால் சதவீதம்கூடத் தேறாது, அதை எத்தனை தடவை தோய்த்தாலும் வாய் மெத்தென்றுதான் இருக்கும்.

வாங்கும்போது ஒரு புது அரத்தை எடுத்துப் போங்கள், கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும். வாயோரம் லேசாக இழுத்தால் அரம் பாதி வழுக்கி, பாதி கடிக்கணும். சோப்பைச் சீவுகிற மாதிரி சீவிக்கொண்டு போனால் மெத்து இரும்பு. துளிகூடப் பிடிக்காமல் கண்ணாடி மேல் போகிற மாதிரி போனால் அதுவும் ஆபத்து, தோய்த்த பிறகு இளஞ்சூடு காட்டி விறைப்பை இறக்காமல் விட்டிருக்கிறார்கள். அதுதான் சில்லு தெறிக்கும். அலகில் அலையலையாகக் கோலம் தெரிகிறதே, அடுக்கடுக்காக அடித்துச் சேர்த்த இரும்பு போல என்று மயங்காதீர்கள், ஆசிட் ஊற்றியும் அந்தப் படத்தைப் போடலாம்.

சரி, அந்தக் கத்திக்கு வருவோம். பிடியைப் பிளந்து பார்த்தோம். உள்ளே போகிற வால் சுண்டுவிரல் மொத்தம்கூட இல்லை, ஒரு போல்ட்டை அலகின் அடியில் வெல்டிங் வைத்து ஒட்டியிருக்கிறார்கள். முறிந்த இடத்தில் பாதி கறுத்துத் துருவேறிக் கிடந்தது, பாதிதான் புது முறிவு, வெள்ளையாக. அதாவது விரிசல் ரொம்ப நாளாகவே இருந்திருக்கிறது! பிடி லேசாக ஆடியிருக்கும், கவனித்திருக்க மாட்டார்.

பெரிய கத்தி என்றால் அலகு இரும்பே பிடியின் கடைசிவரை ஓட வேண்டும், இருபக்கமும் கட்டை வைத்து ரிவிட் அடித்திருக்க வேண்டும். இல்லையா, நம் அரிவாள் மாதிரி நீள வாலும் இறுக்கமான பூணும் இருக்கணும். பிடி ஆடினால் அந்த நிமிஷமே கீழே வையுங்கள். வெட்டும்போது பிள்ளைகளைப் பக்கத்தில் நிறுத்தாதீர்கள், கும்பிட்டுக் கேட்கிறேன். மிஷின் சாணையில் பிடிக்கும்போது வாய் நீலம் பூத்தால் தோய்ச்சல் போச்சு, அப்புறம் என்னிடம் வந்து சண்டை போடக் கூடாது.

"ஒரு வெல்டிங் மட்டும் வச்சுக் குடுங்களேன்" என்றார் கடைசியில். மாட்டேன் என்றுவிட்டேன். வில்லுப்பட்டை ஒன்று மூலையில் கிடக்கிறது, வெள்ளிக்கிழமை வாங்க என்று சொல்லி அனுப்பினேன்.