தலை நேராகத்தான் இருக்கிறது, கேமரா எங்கே போகிறது?

வறண்ட ஏரிக்கு மேல் 60 மீட்டர் உயரத்தில் ஃபோம் விமானம் போய்க்கொண்டிருந்தது. நான் கீழே பிளாஸ்டிக் நாற்காலியில், விமானக் கேமராவின் படத்தைக் கண்முன் காட்டும் காகிள்ஸை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தலையை இடப்பக்கம் திருப்பினால் விமானத்தின் முதுகில் இருக்கும் கேமராவும் திரும்பும். கரையோரப் பனைமரங்கள் தெரியும். மறுபடி நேராகப் பார்த்தபோது விமானத்தின் மூக்கு நடுவில் இல்லை, லேசாக வலப்பக்கம் ஒதுங்கியிருந்தது. பத்து நிமிடத்தில் அது படத்தின் ஓரத்துக்கே போய்விட்டது. விமானத்தை வெறுங்கண்ணால் கவனித்துக்கொண்டிருந்த நண்பர், “என்னப்பா, கழுத்து சுளுக்கா?” என்றார். முன்னால் பார்ப்பதற்காக நான் வலப்பக்கம் கோணிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

தலை திரும்புவதை அறிந்து கேமராவையும் திருப்பவைக்கும் கருவிக்கு ஹெட் டிராக்கர் என்று பெயர். அது என் முதல் டிராக்கர். அன்று நடந்தது பழுது இல்லை, அதன் இயல்பே அப்படித்தான். எது வாங்கலாம் என்று கேட்பவர்கள் முதலில் இந்த நழுவலைப் புரிந்துகொள்ள வேண்டும் என்பேன்.

தலையோடு சேர்ந்து தொலைவில் இருக்கும் கேமராவும் திரும்பும் யோசனை புதிதல்ல. 1961-லேயே பில்கோ நிறுவனத்தின் பொறியாளர்கள் ‘ஹெட்சைட்’ என்ற கருவியில் இதைச் செய்துவிட்டார்கள். அன்று தலை திரும்புவதைக் காந்தப்புலம் வைத்து அறிந்தார்கள். இன்று நகத்தளவு சில்லு ஒன்று போதும்.

அந்தச் சில்லில் இருக்கும் முக்கியமான உணரி கைரோ. தலை எந்தப் பக்கம் இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது என்பது மட்டும்தான் தெரியும். அந்த வேகத்தை நொடிக்கு நூறு முறைக்கு மேல் கூட்டிக்கூட்டித்தான் கோணத்தைக் கண்டுபிடிக்கிறார்கள். கூட்டல் என்றாலே தவறும் சேர்ந்து கூடும். கடைக் கணக்கில் தினமும் பத்து பைசா விட்டுப்போனால் வருடக் கடைசியில் கல்லா இடிக்குமே, அதே கதைதான். தலை அசையாமல் இருக்கும்போதும் கைரோ நொடிக்கு 0.05 டிகிரி சுழல்வதாக நினைத்துக்கொண்டால், ஒரு நிமிடத்தில் 3 டிகிரி, பத்து நிமிடத்தில் 30 டிகிரி. சில்லு சூடாகும்போது இந்தப் பிழையின் அளவும் மாறும் என்பதால், ஒருமுறை கழித்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது.

இதைத் திருத்த ஆக்சிலரோமீட்டர் கூடவே இருக்கும். அது புவியீர்ப்பு எந்தப் பக்கம் என்று சொல்லும், கொத்தனாரின் தூக்குக்குண்டு மாதிரி. தலை மேலே கீழே சாய்ந்ததில் கைரோ தவறினால் இது இழுத்துச் சரிசெய்துவிடும். ஆனால் சுவர் செங்குத்தா என்று சொல்லும் தூக்குக்குண்டு, சுவர் கிழக்கைப் பார்க்கிறதா மேற்கைப் பார்க்கிறதா என்று சொல்லுமா? சொல்லாது. அதனால்தான் கேமரா மேலும் கீழும் ஒழுங்காக இருக்க, பக்கவாட்டில் மட்டும் நழுவுகிறது.

பக்கவாட்டுக்குத் துணை மேக்னட்டோமீட்டர், அதாவது மின்னணு திசைகாட்டி. இந்த விஷயத்தில் நமக்கு ஓர் அதிர்ஷ்டம் உண்டு. காந்த நிலநடுக்கோடு இந்தியாவின் தென்முனையை ஒட்டிப் போகிறது. 1963-ல் இந்தியாவின் முதல் ராக்கெட் கிளம்பிய கேரளத்துத் தும்பாவைத் தேர்ந்தெடுத்ததற்கே அதுதான் காரணம். இங்கே புவியின் காந்தப்புலம் ஏறக்குறைய தரைக்கு இணையாகப் படுத்திருக்கிறது, முழு வலுவும் திசை காட்டப் பயன்படும். இங்கிலாந்தில் அது செங்குத்தை நெருங்கும் சரிவில் தரைக்குள் இறங்குவதால் பாதிக்கும் குறைவான பங்குதான் திசைக்குக் கிடைக்கும்.

ஆனாலும் அது நோஞ்சான் புலம், வெறும் 40 மைக்ரோடெஸ்லா அளவு. காகிள்ஸுக்குள் சுற்றும் குட்டி ஃபேன், பக்கத்தில் நிற்கும் கார், இரும்பு நாற்காலி எல்லாமே அதைக் கலைத்துவிடும். காகிள்ஸோடு சேர்த்து எல்லாப் பக்கமும் சுழற்றி அளவுதிருத்தம் செய்யாவிட்டால், திசைகாட்டி இல்லாததே மேல்.

சரி, இந்தக் கோணம் விமானத்துக்கு எப்படிப் போகிறது? விமானத்தை ஓட்டக் கையில் வைத்திருக்கும் ரேடியோவின் பின்னால் ட்ரெய்னர் போர்ட் என்று ஒரு துளை இருக்கும். விமானம் ஓட்டப் பழகுபவரின் ரேடியோவை ஆசிரியரின் ரேடியோவோடு ஒயரால் இணைக்க வைத்தது அது. டிராக்கர் அந்த வழியாகத்தான் உள்ளே வருகிறது. ரேடியோவைப் பொறுத்தவரை உங்கள் தலை ஒரு மாணவன். பழைய பிபிஎம் முறையில் ஒவ்வொரு சேனலுக்கும் ஒரு துடிப்பு: 1500 மைக்ரோநொடி என்றால் நடு, 1000-மும் 2000-மும் இரண்டு ஓரங்கள். அதை இரண்டு சேனல்களில் ஏற்றி அனுப்பினால் கேமராவைப் பக்கவாட்டில் திருப்பும் குட்டி மோட்டாரான பான் சர்வோவும், மேலும் கீழும் திருப்பும் டில்ட் சர்வோவும் திரும்பும்.

ஒயர் என்றால் தலை திரும்பும்போதெல்லாம் கழுத்தில் இழுக்கும். பிளக்கும் ரேடியோவுக்கு ரேடியோ மாறும். எட்ஜ்டிஎக்ஸ் என்ற மென்பொருள் ஓடும், புளூடூத் உள்ள ரேடியோ வைத்திருந்தால், ஆர்டுயினோ நானோ 33 பிஎல்இ என்ற குட்டி மின்னணுப் பலகையில் திறந்த மூல டிராக்கர் மென்பொருளை ஏற்றி ஒயரே இல்லாமல் இணைக்கலாம். அந்தப் பலகையிலேயே மூன்று உணரிகளும் இருக்கின்றன. எக்ஸ்பிரஸ்எல்ஆர்எஸ் என்ற ரேடியோ இணைப்பு முறையைப் பயன்படுத்துபவர்களுக்கு, பேக்பேக் என்ற அதன் துணைச் சில்லு வழியாக ஒயரில்லாமல் இணைக்கும் வழியும் உண்டு. எச்டிஜீரோ மாதிரி சில காகிள்ஸில் டிராக்கர் உள்ளேயே வருகிறது. அது இருந்தால் முதலில் அதையே முயன்று பாருங்கள், காசு மிச்சம்.

எதை வாங்கினாலும் நான் பார்ப்பது ஒன்றைத்தான்: நழுவிய கேமராவை நடுவுக்குக் கொண்டுவரும் ரிசெட் பட்டன் எங்கே இருக்கிறது? ஸ்டிக்கிலிருந்து ஒரு விரலை மட்டும் எடுத்துத் தட்டும்படி இருக்க வேண்டும். நழுவாத டிராக்கருக்குக் கூடுதலாகச் செலவழிப்பதைவிட, நழுவினால் அரை நொடியில் நடுவுக்குக் கொண்டுவரும் டிராக்கர் எனக்குப் போதும். அதோடு, டிராக்கிங்கை அணைத்து கேமராவை நேராக நிறுத்த ரேடியோவில் ஒரு சுவிட்ச் வைத்துக்கொள்ளுங்கள். தரையிறங்கும்போது அது இல்லாமல் நான் இறங்குவதில்லை. பக்கவாட்டில் பார்த்துக்கொண்டே ஓட்டும்போது விமானம் எந்தத் திசையில் போகிறது என்பது மறந்துபோகும், அது மரத்தில் போய்த்தான் முடியும். விமானத்துக்குள் ஐநாவ் என்ற பறப்புக் கட்டுப்பாட்டு மென்பொருள் உள்ளவர்கள் பான் சர்வோவின் கோணத்தைத் திரையிலேயே காட்டும்படி அமைக்கலாம்.

சர்வோவிலும் கஞ்சத்தனம் வேண்டாம். மலிவான 9 கிராம் சர்வோ வேகத்தில் குறையில்லை, 60 டிகிரி திரும்ப 0.1 நொடிதான். ஆனால் பிளாஸ்டிக் பற்களின் ஆட்டம் அப்படியே படத்தில் நடுக்கமாகத் தெரியும். கழுத்து 40 டிகிரி திரும்பும்போது கேமராவும் 40 டிகிரியே திரும்பும்படி ரேடியோவில் அளவு வையுங்கள். கூடினாலும் குறைந்தாலும் வயிற்றைப் பிரட்டும். ரேஸிங் குவாட், அதாவது நான்கு புரொப்பெல்லர் உள்ள பந்தய ட்ரோன் ஓட்டுபவர்களுக்கு இதெல்லாம் தேவையே இல்லை. அவர்கள் மொத்த குவாடையே திருப்பிவிடுவார்கள்.

புதிய டிராக்கர் கைக்கு வந்ததும் களத்துக்கு ஓட வேண்டாம். விமானத்தின் புரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு எல்லாவற்றையும் ஆன் செய்து, காகிள்ஸை மேஜைமேல் வையுங்கள். கேமரா எந்த ஜன்னல் கம்பியைப் பார்க்கிறது என்று குறித்துக்கொண்டு டீ குடிக்கப் போங்கள். இருபது நிமிடம் கழித்து வந்து, கம்பிகளை எண்ணுங்கள்.